வேளாண் வர்த்தகச் சங்கத்துக்காக அரசிடம் பேசும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளாண் துறை நிறுவனங்களின் வர்த்தகச் சங்கம் ஒன்றில், அரசோடு பேசும் பொறுப்பில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்த வேலைக்கு வரலாமா என்று யோசிப்பவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், சங்கத்தின் உறுப்பினர்கள் என்று பலரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே வரும் சில நாடுகளின் விதிகள் உதாரணத்துக்கு மட்டுமே; நீங்கள் வேலை செய்யும் நாட்டின் சட்டத்தைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

1. லாபியிஸ்ட் என்றால் ஆளைப் பிடித்துக் காரியம் சாதிக்கிறவர்தானே?

இல்லை. ஒரு சட்டமோ, விதியோ, வரியோ வரப்போகிறது என்றால், அதனால் பாதிக்கப்படுகிறவர்கள் சார்பில் அரசிடம் போய், "இது இப்படியே வந்தால் களத்தில் இன்ன விளைவு ஏற்படும், இந்த இடத்தை இப்படி மாற்றுங்கள்" என்று சொல்வதுதான் வேலை. விதை எந்தச் சூட்டில் முளைப்புத்திறனை இழக்கும், சோதனைக்கூட அறிக்கை வர எத்தனை நாள் ஆகும், அதுவரை சரக்கு துறைமுகத்தில் கிடந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தெரிந்தவர்கள் போய்ச் சொல்ல வேண்டும்.

ஆள் பழக்கம் இருந்தால் சந்திக்க நேரம் சீக்கிரம் கிடைக்கும், அவ்வளவுதான். உள்ளே போனபிறகு உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். நீங்கள் சொன்ன எண் ஒருமுறை தப்பாகப் போய், அதை நம்பி அந்த அதிகாரி மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தால், அடுத்த முறை உங்கள் கடிதம் படிக்கப்படாது. இந்தத் தொகுப்பில் பல பதில்கள் இந்த ஒரு விஷயத்துக்கே திரும்பி வரும்.

2. விவசாயிகள் சங்கமும் வேளாண் வர்த்தகச் சங்கமும் ஒன்றா?

பெரும்பாலும் இல்லை. விவசாயிகள் சங்கம் பயிர் செய்கிறவர்களுடையது. வர்த்தகச் சங்கத்தில் விதை நிறுவனங்கள், உரம் மற்றும் பூச்சிமருந்து தயாரிப்பாளர்கள், ஆலை உரிமையாளர்கள், ஏற்றுமதியாளர்கள், குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறவர்கள், தீவன உற்பத்தியாளர்கள் இருப்பார்கள். இரண்டும் கலந்த அமைப்புகளும் உண்டு. ஐரோப்பாவில் விவசாயிகள் அமைப்புகளின் கூட்டமைப்பான கோபாவும், வேளாண் கூட்டுறவுகளின் கூட்டமைப்பான கோஜெகாவும் சேர்ந்தே பேசுகின்றன. அமெரிக்காவில் 1919இல் உருவான பார்ம் பீரோ கூட்டமைப்பு பண்ணையாளர்களை உறுப்பினராகக் கொண்டது; தனித்தனிப் பயிருக்கென்று வேறு சங்கங்களும் அங்கே இருக்கின்றன.

வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஆலைக்காரருக்குத் தானியம் மலிவாகக் கிடைக்க வேண்டும். விளைவிப்பவருக்கு நல்ல விலை வேண்டும். நீங்கள் ஆலைகளின் சார்பில் பேசும்போது "விவசாயிகளின் கோரிக்கை" என்று எழுதினால், அது பொய். எந்த மேசையில் உட்கார்ந்தாலும், யார் சார்பில் பேசுகிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

3. இது சட்டப்படி சரியான வேலைதானா? லஞ்சத்துக்கும் இதற்கும் எங்கே கோடு?

அரசிடம் குறை சொல்வதும் கோரிக்கை வைப்பதும் ஜனநாயக நாடுகளில் குடிமக்களின் உரிமை. சம்பளம் வாங்கிக்கொண்டு மற்றவர்கள் சார்பில் அதைச் செய்வதும் சட்டபூர்வமான தொழில்தான்.

முடிவுக்குப் பதிலாகப் பணமோ, பொருளோ, உறவினருக்கு வேலையோ தருவது லஞ்சம். இதில் இடைப்பட்ட நிலை எதுவும் கிடையாது. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு வெளிநாட்டு ஊழல் தடுப்புச் சட்டமும் பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டமும், வேறு நாட்டு அதிகாரிக்குக் கொடுத்தாலும் கொடுத்தவரைத் தண்டிக்கும். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோது, லஞ்சம் கொடுப்பதே நேரடிக் குற்றமானது. "தரகர் ஒருத்தர் பார்த்துக்கொள்வார், நமக்கு எதுவும் தெரிய வேண்டாம்" என்று யாராவது உறுப்பினர் சொன்னால், அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள். சொன்னதைக் கூட்டக் குறிப்பிலும் பதிய வையுங்கள்.

4. எங்கேயாவது பதிவு செய்யணுமா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு லாபி வெளிப்படுத்தல் சட்டப்படி, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 2007 திருத்தத்துக்குப் பிறகு, எந்த விஷயத்துக்காகப் பேசினோம், எவ்வளவு செலவானது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அயர்லாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு மூன்று அறிக்கைகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முதல் வெளிப்படைத்தன்மைப் பதிவேடு இருக்கிறது.

பிரிட்டனின் 2014ஆம் ஆண்டுச் சட்டம், வாடிக்கையாளருக்காகக் கட்டணம் வாங்கிப் பேசும் ஆலோசகர்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. சங்கத்திலேயே சம்பளத்துக்கு இருப்பவர் அதில் வரமாட்டார். இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 2013இல் ஒரு தனிநபர் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. சட்டம் கேட்காத இடத்திலும், யாரை எப்போது எதற்காகச் சந்தித்தோம் என்ற குறிப்பேட்டைச் சங்கமே வைத்துக்கொள்வது நல்லது. ஒருநாள் யாராவது கேட்பார்கள்.

5. ஒரு நாள் பொழுது எப்படிப் போகும்?

பெரும்பாலும் படிப்பதில். காலையில் அரசிதழ், துறை அறிவிப்புகள், நாடாளுமன்றக் கேள்வி பதில்கள், உலக வர்த்தக அமைப்புக்கு மற்ற நாடுகள் அனுப்பும் அறிவிக்கைகள். அப்புறம் உறுப்பினர்களிடம் தொலைபேசியில் விவரம் கேட்பது, வந்த எண்களைச் சரிபார்ப்பது, குறிப்பு எழுதுவது. அதிகாரிகளைச் சந்திப்பது இதில் சின்னப் பகுதிதான். பல வாரங்களில் ஒரு சந்திப்புகூட இருக்காது.

6. அமைச்சரைத் தெரிந்தால் போதாதா? யாரைத்தான் பார்க்கணும்?

அமைச்சரைப் பார்ப்பது கடைசிக் கட்டம். ஒரு வரைவு விதியைப் பெரும்பாலும் இடைநிலை அதிகாரி ஒருவர்தான் எழுதுகிறார். வரையறைகள், கால அவகாசம், விலக்குகள் எல்லாம் அவர் மேசையில் உருவாகின்றன. கோப்பு மேலே போகப்போக மாற்றுவது கடினமாகும், ஏனென்றால் ஒவ்வொரு கையெழுத்தும் அதுவரை எழுதியதை உறுதிப்படுத்துகிறது. முதல் வரைவுக்கு முன்பே அந்த அதிகாரிக்குத் துறையைப் பற்றிப் புரிய வைத்திருந்தால், அமைச்சர் வரை போகவே வேண்டியிருக்காது.

வேளாண் விஷயம் என்பதால் வேளாண் துறையோடு நிறுத்திக்கொள்வதும் பலர் செய்வது. இறக்குமதி வரி நிதித் துறையில் இருக்கும், ஏற்றுமதிக் கட்டுப்பாடு வணிகத் துறையில், எச்ச வரம்பு (உணவில் எவ்வளவு பூச்சிமருந்து தங்கியிருக்கலாம் என்ற உச்ச அளவு) உணவுப் பாதுகாப்பு அமைப்பில், நிலத்தடி நீர் வேறொரு துறையில், தொழிலாளர் விதி இன்னொன்றில். ஒரு துறை "செய்யலாம்" என்றபிறகு இன்னொரு துறை எழுதும் எதிர்க்குறிப்பால் கோப்பு அப்படியே நிற்கும். யார் யாருடைய கருத்து கேட்கப்படும் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு, எல்லோரிடமும் ஒரே தகவலைக் கொடுங்கள். இடத்துக்கு ஒரு கதை சொன்னால், அவர்கள் கோப்பில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும்போது வெளியே வந்துவிடும்.

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வேறு மாதிரிப் பேச வேண்டும். அவர்களுக்குத் தொகுதி முக்கியம். "இந்த வரி தொழிலைப் பாதிக்கும்" என்பதைவிட, "உங்கள் தொகுதியில் இந்தப் பயிரை வாங்கும் இத்தனை ஆலைகள் இருக்கின்றன" என்பது அவர்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

7. சட்டம் பாஸ் ஆகிவிட்டது, இனிமேல் என்ன செய்ய முடியும்?

நிறைய. சட்டம் பெரும்பாலும் பொதுவாக இருக்கும். "நிர்ணயிக்கப்பட்டவாறு" என்று சொல்லி விவரங்களை விதிகளுக்கு விட்டுவிடும். எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், யாருக்கு விலக்கு, என்றிலிருந்து அமல் என்பதெல்லாம் விதியில்தான் வரும். அமெரிக்காவில் 1946 முதல் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, பெரும்பாலான விதிகளின் வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே அவற்றை இறுதியாக்க முடியும். இந்தியாவில் 2014இல் வந்த முன்சட்ட ஆலோசனைக் கொள்கை, வரைவைக் குறைந்தது 30 நாட்கள் பொதுவெளியில் வைக்கச் சொல்கிறது.

அந்த அவகாசத்தின் கடைசி நாளில் அனுப்பும் மனுவுக்கு மதிப்புக் குறைவு. வரைவு வந்த முதல் வாரத்திலேயே கேள்விகளைக் கேட்டு, இரண்டாவது வாரத்தில் உறுப்பினர்களிடம் விவரம் வாங்கி, அவகாசம் முடிய இன்னும் நாட்கள் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் அதிகாரிக்குத் திருப்பிக் கேட்க நேரம் இருக்கும்.

8. மனுவை எப்படி எழுதினால் படிப்பார்கள்?

ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் இணைப்பு. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வரைவு விதி இப்படி இருக்கிறது: "எல்லாத் தானியக் கிடங்குகளிலும் ஈரப்பதத்தை முத்திரையிட்ட மின்னணுக் கருவியால் மட்டுமே அளக்க வேண்டும். இவ்விதி அரசிதழில் வெளியாகும் நாள் முதல் அமலுக்கு வரும்." விதியின் நோக்கம் நல்லது; அளவில் ஏமாற்று நடந்தால் அடிபடுவது விளைவித்தவர்தான். ஆனால் கருவிகளுக்கு முத்திரையிடும் ஆய்வகங்கள் குறைவு, அறுவடையோ ஆறு வாரத்தில் தொடங்குகிறது.

இதற்குச் சங்கங்கள் வழக்கமாக எழுதுவது, "இந்த விதி தொழிலை முடக்கிவிடும், உடனே திரும்பப் பெற வேண்டும்" என்று மூன்று பக்கம். அதை வைத்து அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. உங்கள் பக்கத்தின் முதல் வரியிலேயே கேட்பது இருக்கட்டும்: "'வெளியாகும் நாள் முதல்' என்பதை 'வெளியாகும் நாளிலிருந்து 180 நாட்கள் கழித்து' என்று மாற்றக் கோருகிறோம்." அடுத்து, எத்தனை கிடங்குகள், எத்தனை கருவிகள், ஒரு ஆய்வகம் மாதத்துக்கு எத்தனை கருவிக்கு முத்திரையிடும் என்ற கணக்கு. அதற்கடுத்து, அந்த 180 நாளில் ஏமாற்று நடக்காமல் இருக்க நீங்கள் முன்வைக்கும் ஏற்பாடு. உதாரணமாக, கொண்டுவந்தவர் கேட்டால் அவர் முன்னிலையில் மறு அளவீடு. கடைசியில் பதில் சொல்லத் தெரிந்த ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

இணைப்பாக மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை: வரைவில் உள்ள வாசகம், நாங்கள் கேட்கும் வாசகம், காரணம். அதிகாரி அதை அப்படியே கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம். அவர் வேலை குறைகிறது, உங்கள் வாசகம் உள்ளே போகிறது. மறுதரப்பு என்ன சொல்லும் என்பதையும் நீங்களே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எப்படியும் அவர் அதைக் கேள்விப்படப் போகிறார். உங்களிடமிருந்து முதலில் கேட்டால் உங்கள் மற்ற வரிகளையும் நம்புவார்.

9. உறுப்பினர்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை என்றால் சங்கம் என்னத்தைச் சொல்லும்?

இந்த வேலையின் கடினமான பகுதி அரசோடு பேசுவது என்று வெளியில் நினைக்கிறார்கள். உண்மையில் அது சொந்த உறுப்பினர்களோடு பேசுவது. விதைக்காரருக்கு ஏற்ற விதி தீவனக்காரருக்கு ஒத்துவராது. பெரிய நிறுவனம் கடுமையான தரக்கட்டுப்பாட்டை வரவேற்கும், ஏனென்றால் சிறிய போட்டியாளரால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. அதே சிறிய போட்டியாளரும் உங்கள் உறுப்பினர்தான்.

அமெரிக்காவில் 2005இல் வந்து 2007இல் விரிவாக்கப்பட்ட புதுப்பிக்கத்தக்க எரிபொருள் விதி இதற்கு நல்ல பாடம். பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்றதும் மக்காச்சோளத்துக்குத் தேவை கூடியது, விளைவித்தவர்கள் ஆதரித்தார்கள். அதே சோளத்தைத் தீவனமாக வாங்கும் கோழி, பன்றி, மாட்டுப் பண்ணையாளர்கள் எதிர்த்தார்கள். 2012இல் கடும் வறட்சி வந்து விலை ஏறியபோது, கால்நடைத் துறை அமைப்புகளும் சில மாநில ஆளுநர்களும் விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தக் கேட்டார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த ஆண்டு நவம்பரில் மறுத்துவிட்டது. எல்லோருமே வேளாண் துறையினர்தான், எல்லோரிடமும் உண்மையான கணக்கு இருந்தது.

உங்கள் சங்கத்தில் இப்படி வந்தால், எந்த நிலைப்பாட்டை எத்தனை பேர் ஆதரித்தால் அது சங்கத்தின் நிலைப்பாடு ஆகும் என்ற விதி முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். சண்டை தொடங்கிய பிறகு அதை எழுத முடியாது. கொள்கைக் குழுவில் சிறிய உறுப்பினர்களுக்கு இடம் உறுதியாக இருக்கட்டும். சந்தா அதிகம் கட்டுகிறவர் அலுவலகத்துக்குத் தனியாகத் தொலைபேசியில் பேசி நிலைப்பாட்டை மாற்றும் வழக்கத்துக்கு ஒருமுறை இடம் கொடுத்தால் சங்கம் பிளக்கும். ஒத்துவராத விஷயத்தில் "எங்கள் உறுப்பினர்களிடையே இரு கருத்து இருக்கிறது, இரண்டையும் இணைத்திருக்கிறோம்" என்று அரசுக்கு எழுதலாம். அது பலவீனம் இல்லை. அதிகாரிக்கு அது மிகவும் பயனுள்ள கடிதம்.

10. நமக்குச் சாதகமில்லாத தகவல் கையில் இருந்தால் அதையும் சொல்லணுமா?

நீங்கள் வக்கீல் மாதிரி ஒரு பக்கத்துக்காகப் பேசுகிறீர்கள், எதிர்த்தரப்பின் வேலையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. ஆனால் மறைத்தால் உங்கள் கோரிக்கையே பொய்யாகும் என்ற அளவுக்கு முக்கியமான தகவலை மறைக்கக் கூடாது. நேரடியாகக் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். உயிர், உடல்நலம், மண், நீர் சம்பந்தப்பட்டது என்றால் கேட்கக் காத்திருக்கவும் கூடாது.

ஆய்வுக்குப் பணம் கொடுப்பதில் இது இன்னும் கூர்மையாக வரும். 1960களில் அமெரிக்கச் சர்க்கரைத் துறையின் ஆராய்ச்சி அமைப்பு, இதய நோயில் சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டிய ஒரு மறுஆய்வுக்காக ஹார்வர்டு விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்தது. 1967இல் அது மருத்துவ இதழில் வந்தபோது பணம் தந்தவர் பெயர் இல்லை. அப்போது அப்படி வெளியிடும் கட்டாயம் இல்லைதான். இருந்தும், 2016இல் ஆவணங்கள் வெளிவந்தபோது அந்தத் துறையின் மீதே சந்தேகம் விழுந்தது. சங்கம் ஆய்வுக்குப் பணம் தரலாம். பணம் தந்ததை முதல் பக்கத்தில் சொல்ல வேண்டும், முடிவு எப்படி வந்தாலும் வெளியிட ஆய்வாளருக்கு ஒப்பந்தத்தில் உரிமை இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாத ஆய்வை நான் எந்தக் குறிப்பிலும் மேற்கோள் காட்டுவதில்லை.

11. ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றுமதித் தடை வந்தால் என்ன செய்வது?

முதலில், தடையையே நீக்கச் சொல்லி அறிக்கை விடாதீர்கள். உள்நாட்டு விலை பற்றிய பயத்தில் அரசு எடுத்த முடிவை அடுத்த நாளே திரும்பப் பெறாது. அந்த நிமிடத்தில் கேட்க வேண்டியது, ஏற்கெனவே வழியில் இருக்கும் சரக்குக்கு வழி. துறைமுகத்தில் என்ன நிலையில் எவ்வளவு நிற்கிறது, எதற்குக் கடனுறுதிக் கடிதம் (விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்று வாங்குபவரின் வங்கி தரும் உறுதி, LC) திறக்கப்பட்டது, எது கப்பலில் ஏறியது என்ற பட்டியலை உறுப்பினர்களிடமிருந்து அன்றைக்கே வாங்க வேண்டும்.

இந்தியா 2022 மே 13 அன்று கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்தத் தேதிக்குள் மாற்ற முடியாத கடனுறுதிக் கடிதம் திறந்திருந்த ஒப்பந்தங்களுக்கு முதல் உத்தரவிலேயே விலக்கு இருந்தது. மே 17 அன்று, மே 13க்குள் சுங்கத்திடம் பரிசோதனைக்கு ஒப்படைத்துப் பதிவான சரக்கையும் அனுமதிப்பதாக அரசு அறிவித்தது. இந்த மாதிரி நேரத்தில் அரசால் கொடுக்கக்கூடியது இதுதான்: தேதியும் ஆவணமும் வைத்துத் தெளிவாகப் பிரிக்கக்கூடிய ஒரு விலக்கு. அந்தப் பிரிவை நீங்கள் வரைந்து கொடுத்தால் சீக்கிரம் நடக்கும்.

12. போட்டி நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்காருகின்றன. விலை பற்றிப் பேசினால் தப்பா?

தப்பு, பெரிய தப்பு. விற்கும் விலை, வாங்கும் விலை, யார் எந்தப் பகுதியில் விற்பது, உற்பத்தியை எவ்வளவு குறைப்பது என்று போட்டியாளர்கள் பேசிக்கொள்வது, சங்கக் கூட்டத்தில் நடந்தாலும், தேநீர் இடைவேளையில் நடந்தாலும், போட்டிச் சட்டத்தின் கீழ் வரும். அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டம், இந்தியாவில் 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் என்று பல நாடுகளிலும் இருக்கிறது. வேளாண் கூட்டுறவுகளுக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு, அமெரிக்காவின் 1922ஆம் ஆண்டு கேப்பர்-வோல்ஸ்டெட் சட்டம் போல. அது விளைவிப்பவர்களுக்கு, உங்கள் ஆலை உறுப்பினர்களுக்கு இல்லை.

சேர்ந்து அரசிடம் கோரிக்கை வைப்பது வேறு. அது கூட்டுச்சதி ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961இல் ரயில் நிறுவனங்கள் தொடர்பான வழக்கில் சொன்னது. நடைமுறையில், நிகழ்ச்சி நிரல் முன்பே எழுத்தில் போக வேண்டும், பேச்சு விலைப் பக்கம் திரும்பினால் கூட்டத்தை நிறுத்த வேண்டும். 8ஆம் பதிலில் சொன்ன கணக்குகளை வாங்கும்போதும், ஒவ்வொரு நிறுவனத்தின் எண்ணும் உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் வர வேண்டும். உறுப்பினர்களுக்குக் கூட்டுத்தொகை மட்டும் போகட்டும்.

13. சங்கத்தின் எந்தப் பணத்தை வேண்டுமானாலும் இதற்குச் செலவழிக்கலாமா?

கூடாது. பணம் எந்தத் தலைப்பில் வந்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் மாட்டிறைச்சி விளம்பரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி மாடு ஒன்றுக்கு 1 டாலர் வசூலாகிறது; அந்தப் பணத்தை அரசின் கொள்கையை மாற்றப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சட்டப்படி கட்டாயமாக வசூலாகும் தீர்வைகளில் இப்படிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று எப்போதும் பார்க்க வேண்டும். உறுப்பினர் சந்தாவிலும் வரி விஷயம் உண்டு. அமெரிக்காவில் லாபிக்குச் செலவான பங்குக்கு உறுப்பினர் வரிக்கழிவு கோர முடியாது. தனிக் கணக்கு வைப்பதுதான் வழி.

14. விருந்து, பரிசுப்பொருள்?

வேண்டாம். அந்தந்த அரசின் நடத்தை விதியில் வரம்பு இருக்கும். வரம்புக்குள் இருந்தாலும் கொடுக்காமல் இருப்பது நல்லது. அதிகாரியை வயலுக்கோ ஆலைக்கோ கூட்டிப்போவது மட்டும் உண்மையிலேயே பயன்தரும். பயணச் செலவை அவரது துறையே ஏற்கட்டும்.

15. அரசு வேலையிலிருந்து வந்தவர்களுக்குத்தான் இது சரிப்படும் என்கிறார்களே?

கோப்பு எப்படி நகரும் என்று அவர்களுக்குத் தெரியும் என்பது நிஜம். ஆனால் பல நாடுகளில் இடைவெளிக் காலம் உண்டு; பதவியை விட்டபின் அதுவரை லாபி வேலையில் இறங்கக் கட்டுப்பாடு இருக்கும். அமெரிக்காவில் முன்னாள் செனட்டர்களுக்கு 2 ஆண்டு, பிரதிநிதிகள் சபையினருக்கு 1 ஆண்டு. கனடாவில் மூத்த பதவியில் இருந்தவர்களுக்கு 5 ஆண்டு. முன்னாள் அதிகாரியை வேலைக்கு எடுக்கும் சங்கம் அவரது தொடர்புகளை மட்டும் வாங்குகிறது என்றால், ஆட்கள் மாறியதும் அந்த மதிப்பு போய்விடும்.

16. எங்கள் நாட்டு அரசோடு பேசினால் போதாதா? வெளிநாட்டு விதிகளைப் பற்றி ஏன் கவலை?

உங்கள் உறுப்பினர் ஏற்றுமதி செய்கிறார் என்றால், அவர் சரக்கைத் திருப்பி அனுப்புவது வாங்கும் நாட்டின் விதி. ஒரு பூச்சிமருந்தின் எச்ச வரம்பை அந்த நாடு குறைத்தால், இங்கே சட்டப்படி தெளித்ததும் அங்கே நிராகரிக்கப்படும். 1995இல் அமலுக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் உணவு, தாவர, விலங்கு நல ஒப்பந்தப்படி, இத்தகைய மாற்றங்களை நாடுகள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் அவகாசம். அந்தக் கருத்து உங்கள் அரசின் வழியாகப் போக வேண்டும். அதனால்தான் 5ஆம் பதிலில் சொன்ன காலை வாசிப்பில் இந்த அறிவிக்கைகளும் இருக்கின்றன.

உணவுத் தரங்களுக்கான கோடெக்ஸ் ஆணையம் 1963 முதல் இயங்குகிறது. அங்கே முடிவெடுப்பது அரசுகள். அங்கீகாரம் பெற்ற சர்வதேசச் சங்கங்கள் பார்வையாளராக உட்கார்ந்து பேசலாம். ஒரு தரம் உருவாகப் பல வருடம் ஆகும். பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல களம்.

17. என்ன படிக்கணும்? எப்படி உள்ளே வர்றது?

வேளாண்மை, சட்டம், பொருளாதாரம், உணவுத் தொழில்நுட்பம் எதுவாக இருந்தாலும் சரி. ஒரு வரைவு விதியை முழுசாக வாசித்து, யாருக்கு என்ன மாறும் என்று ஒரு பக்கத்தில் எழுதத் தெரிகிறதா என்பதைத்தான் நான் நேர்காணலில் பார்க்கிறேன். கருத்துக்கேட்புக்கு வந்திருக்கும் ஏதாவது ஒரு வரைவை எடுத்து, 8ஆம் பதிலில் சொன்ன முறையில் எழுதிப் பாருங்கள். நீங்களே அதைச் சமர்ப்பிக்கவும் செய்யலாம், சாதாரணக் குடிமகனாக. வேலை கேட்கும்போது அதைக் காட்டுங்கள்.

வந்த முதல் வருடத்தில் கிடங்கு, ஆலை, சோதனைக்கூடம், வயல் என்று எல்லா இடத்துக்கும் போங்கள். மூட்டை எங்கே நிற்கிறது, யார் கையெழுத்துக்காக நிற்கிறது என்று பார்க்காதவர் எழுதும் குறிப்பில் அது தெரிந்துவிடும்.

18. இதனால் சிறு விவசாயிக்குக் கெடுதல்தானே? அவருக்கு யார் பேசுவார்?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு விதியால் பத்து நிறுவனங்களுக்குப் பெரிய லாபமும் லட்சம் பேருக்குச் சின்ன நஷ்டமும் வரும் என்றால், அந்தப் பத்து பேர் ஆள் வைத்துப் பேசுவார்கள், லட்சம் பேர் பேச மாட்டார்கள். எங்கள் குறிப்பு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், மேசையில் எங்கள் குறிப்பு மட்டுமே இருந்தால் முடிவு ஒருபக்கமாகத்தான் போகும்.

எங்களால் செய்யக்கூடியவை சில உண்டு. அரசுக்குக் கொடுக்கும் மனுக்களைச் சங்கத்தின் தளத்தில் வெளியிடலாம். மறுதரப்பு படித்துப் பதில் சொல்லட்டும். கருத்துக்கேட்புக் கூட்டங்களைத் தலைநகருக்கு வெளியே, அங்குள்ள மக்களின் மொழியில் நடத்தும்படி கேட்கலாம். வரைவுகளை அந்த மொழியில் வெளியிடச் சொல்லலாம். ஒவ்வொரு குறிப்பிலும், நாங்கள் கேட்பது நடந்தால் விளைவிப்பவருக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதலாம், அது எங்களுக்கு உவப்பாக இல்லாவிட்டாலும். இவற்றை எதிர்க்கும் உறுப்பினர்கள் உண்டு. நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், ஏனென்றால் விளைவிப்பவர் நொடித்துப்போனால் ஆலைக்கும் சரக்கு வராது.

19. ஜெயித்தோமா இல்லையா என்று எப்படித் தெரியும்?

இறுதி விதியை எடுத்து, நீங்கள் கொடுத்த அட்டவணையோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எது வந்தது, எது பாதி வந்தது, எது வரவில்லை. வந்ததெல்லாம் உங்களால்தான் என்று உறுப்பினர்களிடம் சொல்லாதீர்கள். அதே கோரிக்கையை வேறு பலரும் வைத்திருப்பார்கள். ஒரு மோசமான வரைவு வெளியே வராமலேயே நின்றுபோவதும் வெற்றிதான். அதை யாருக்கும் காட்ட முடியாது.

20. சங்கத்தின் நிலைப்பாடு தப்பு என்று எனக்கே தோன்றினால்?

எவ்வளவு தப்பு என்பதைப் பொறுத்தது. வரி 5 சதவீதம் இருக்கலாமா 10 இருக்கலாமா என்பதில் உங்கள் கருத்து வேறாக இருந்தால், உள்ளே வாதாடுங்கள், முடிவானபின் சங்கத்தின் கருத்தைச் சொல்லுங்கள். அது வேலையின் இயல்பு.

தகவலே தப்பு என்று தெரிந்தால் கதை வேறு. 10ஆம் பதிலில் சொன்ன எல்லைக்குள் வரும் விஷயம் என்றால், ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, அந்தக் குறிப்பில் உங்கள் பெயர் வேண்டாம், அந்தச் சந்திப்புக்கு வேறொருவர் போகட்டும் என்று கேட்கலாம். பல சங்கங்கள் அந்த இடத்தில் நின்று யோசிக்கும். எழுத்தில் வந்த ஆட்சேபத்தை ஒதுக்கிவிட்டு மேலே போக யாரும் எளிதில் துணிய மாட்டார்கள். அப்படியும் போனால் வேலையை விடத் தயாராக இருங்கள். விட்டு வந்த பிறகும் உறுப்பினர்கள் நம்பிக் கொடுத்த வணிக விவரங்களை வெளியே சொல்லக் கூடாது. சட்டமீறலை உரிய அதிகாரியிடம் புகார் செய்ய அந்தக் கட்டுப்பாடு தடையில்லை. பல நாடுகளில் அப்படிப் புகார் செய்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.